டெல்டாவில் கட்டட விதிகளைப் படித்துச் செயல்படுத்துவது எப்படி: மண் முதல் தளம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கும்பகோணத்தில் நன்றாகக் கட்டி முடித்த ஒரு வீட்டின் வரைபடத்தை அப்படியே வேதாரண்யத்துக்குக் கொண்டுபோய்க் கட்டினால் அறை அளவு, சுவர் கனம், கம்பி எண்ணிக்கை எதுவும் மாறாது. ஆனாலும் இரண்டாவது வீடு விதிக்குப் பொருந்தாது. கட்டட விதிகளில் உள்ள முக்கியமான எண்கள் இடத்தைப் பார்த்து மாறுகிறவை. உப்புக்காற்று எவ்வளவு, நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது, அடியில் இருப்பது களியா மணலா, புயல் எந்த வேகத்தில் வரும் என்று கேட்ட பிறகுதான் விதி தன் எண்ணைச் சொல்கிறது. இந்தக் கேள்விகளைக் கேட்காமல் வேறு ஊரின் எண்ணை எடுத்துப் போடுவதுதான் நம் பகுதியில் நடக்கும் பெரிய தவறு.

டிப்ளமோவோ பி.இ.யோ முடித்துவிட்டுச் சைட்டில் நிற்கும் இளைஞர்களுக்காகவும், சொந்த வீடு கட்டும்போது இன்ஜினியரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். வடிவமைப்புக் கணக்கு போட இன்ஜினியர் வேண்டும், அதற்கு மாற்று கிடையாது. ஆனால் விதியைப் படிக்கவும், சைட்டில் டேப் வைத்துச் சரிபார்க்கவும் யாரும் கற்றுக்கொள்ளலாம்.

படி 1: எது சட்டம், எது தரநிலை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

கட்டட விதிகளைப் பொதுவாக 'கோடு' என்று சொல்வதில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன.

முதல் அடுக்கு சட்டமும் அதன் கீழ் வரும் விதிகளும். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ல் வந்தது. இப்போது மாநிலம் முழுவதும் நடைமுறையில் இருப்பவை 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். சாலை அகலத்துக்கு ஏற்ற முன் இடைவெளி, பக்க இடைவெளி, உயரம், தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற எண்), வண்டி நிறுத்தம், மழைநீர்ச் சேகரிப்பு எல்லாம் இதில் இருக்கின்றன. இதை மீறினால் அனுமதி கிடைக்காது. கட்டிய பிறகு தெரிந்தால் நோட்டீஸ் வரும்.

இரண்டாவது, தேசியக் கட்டட விதித்தொகுப்பு. இந்தியத் தர நிர்ணய அமைவனம் முதலில் 1970-ல் வெளியிட்டது, பிறகு 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்திய பதிப்புகள் வந்தன. தீப்பாதுகாப்பு, வெளிச்சம், காற்றோட்டம், மாடிப்படி, குழாய், மின்சாரம் என்று ஒரு கட்டடத்தின் எல்லாப் பக்கத்தையும் இது தொடுகிறது. மாநில விதிகள் பல இடங்களில் இதைக் கைகாட்டும். அப்படிக் கைகாட்டிய இடத்தில் இதுவும் கட்டாயமாகிவிடும்.

மூன்றாவது, ஐ.எஸ். எண் கொண்ட இந்தியத் தரநிலைகள். கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456, காற்றுச் சுமைக்கு ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி, நிலநடுக்கத்துக்கு ஐ.எஸ். 1893, அஸ்திவாரத்துக்கு ஐ.எஸ். 1904, டி.எம்.டி. கம்பிக்கு ஐ.எஸ். 1786, மணல் ஜல்லிக்கு ஐ.எஸ். 383. ஒரு வீட்டுக்கு இந்த ஆறும் கையில் இருந்தால் பெரும்பாலான கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். தர நிர்ணய அமைவனத்தின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால் இந்தத் தரநிலைகளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். கல்லூரியில் வாங்கிய பழைய ஜெராக்ஸை வைத்து வேலை செய்யாதீர்கள். பதிப்பு ஆண்டையும், பின்னால் வந்த திருத்தச் சீட்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். நான் கீழே தரும் கான்கிரீட் எண்கள் ஐ.எஸ். 456-இன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து.

படி 2: புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள்

ஒரு கேள்வியோடு உள்ளே போங்கள். 'இந்த வெளிப்புற பில்லருக்குக் கவர் எவ்வளவு விட வேண்டும்?' என்பது நல்ல கேள்வி. 'கான்கிரீட்டைப் பற்றி என்ன சொல்கிறது?' என்று தேடினால் எங்கும் போய்ச் சேர மாட்டீர்கள்.

கேள்வியை எடுத்ததும் முதலில் வரையறையைப் பாருங்கள். கவர் என்றால் எங்கிருந்து எங்கே? சைட்டில் பலரும் மெயின் கம்பியிலிருந்து அளக்கிறார்கள். ஐ.எஸ். 456 சொல்வது, மெயின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் உட்பட எல்லாக் கம்பிக்கும் வெளியே இருக்கும் கான்கிரீட்டின் கனம். 8 மி.மீ. ரிங் கட்டினால் அந்த 8 மி.மீ. வித்தியாசம் முழுவதும் உங்கள் கணக்கில் தவறாகப் போய்விடும்.

அடுத்து வினைச்சொல்லைக் கவனியுங்கள். ஆங்கில வாசகத்தில் 'ஷல்' என்று இருந்தால் கட்டாயம், 'ஷுட்' என்று இருந்தால் பரிந்துரை, 'மே' என்று இருந்தால் செய்யலாம். காண்ட்ராக்டரோடு வாக்குவாதம் வரும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் அட்டவணையின் அடிக்குறிப்பு. கவர் அட்டவணையில் கடுமையான சூழலுக்கு 45 மி.மீ. என்று இருக்கும். எம் 35-உம் அதற்கு மேலும் உள்ள கான்கிரீட் (எம் என்பது தரக் குறியீடு, எண் கூடினால் பலம் கூடும்) என்றால் 5 மி.மீ. குறைத்துக்கொள்ளலாம் என்று கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி. போட்ட பிறகு அளந்தால் சொன்ன அளவைவிடக் குறையவே கூடாது, அதிகமானால் 10 மி.மீ. வரை இருக்கலாம் என்று இன்னொரு வரி. அதாவது 45 என்றால் டேப்பில் 45 முதல் 55 வரை சரி, 44 தவறு.

படி 3: நிலத்தின் மேல் உள்ள விதிகளை முதலில் முடியுங்கள்

பட்டா, கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, புலப்பட வரைபடம் நான்கையும் ஒன்றாக விரித்து வைத்து அளவு ஒத்துப்போகிறதா பாருங்கள். டெல்டாவில் வாய்க்கால் புறம்போக்கு பல மனைகளின் ஓரத்தில் ஓடுகிறது. இடத்தில் வாய்க்கால் தூர்ந்துபோய்த் தெரியாமல் இருக்கலாம், புலப்படத்தில் இருக்கும். அதன் மேல் ஒரு படிக்கட்டு வந்தாலும் ஆக்கிரமிப்புதான். கண்ணுக்குத் தெரியாத அந்த வாய்க்கால்தான் ஐப்பசி மழையில் தண்ணீர் போகும் வழி என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

வயலாக இருந்த இடம் என்றால் இரண்டு கேள்விகள். மனைப்பிரிவுக்கு அனுமதி உண்டா? 2016 அக்டோபர் 20-க்கு முன் போடப்பட்ட அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. உங்கள் மனை அதில் வரன்முறை ஆனதா? திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள விவசாய நிலம் என்றால், நிலப் பயன்பாட்டை மாற்றுவதற்கும் 2017-ல் தனி விதிகள் உண்டு. பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020-ல் வந்ததால் டெல்டாவில் வீடே கட்ட முடியாது என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பு, உருக்காலை போன்ற தொழில்களை. வீட்டுக்கு அதனால் தடை இல்லை.

தஞ்சாவூர், தாராசுரம்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பெரிய கோயிலும் ஐராவதேசுவரர் கோயிலும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. இப்படிப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கட்டத் தடை. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன் அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டும். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2010-ல் திருத்தியபோது இது உறுதியானது. டெல்டாவில் இந்த இரண்டு கோயில்களோடு பட்டியல் முடிந்துவிடவில்லை, சிறிய ஊர்களிலும் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் இருக்கின்றன. மனை வாங்குமுன் விசாரியுங்கள். கடலோர ஊர்களில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை பொருந்தும். கடல்நீர் ஏறி இறங்கும் கழிமுகத்தின் கரைக்கும் அது வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அனுமதி முறை இப்போது எளிதாகியிருக்கிறது. 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கட்ட, சுயசான்று முறையில் ஒற்றைச்சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறும் திட்டம் 2024 ஜூலையில் தொடங்கியது. அதிகாரி வந்து பார்க்காமல் அனுமதி வருகிறது என்றால், விதியைப் பின்பற்றியதாகச் சொல்லிக் கையெழுத்திடும் பொறுப்பு முழுவதும் உங்களுடையது. முன்னைவிட இப்போதுதான் விதியைப் படிக்க வேண்டிய அவசியம் கூடியிருக்கிறது. 2019 விதிகளில் இடைவெளி, உயரம் பற்றிய எண்கள் பல முறை திருத்தப்பட்டுவிட்டன. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ளதை எடுங்கள்.

படி 4: மண் பரிசோதனையை எப்போது செய்தீர்கள் என்று கேளுங்கள்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடும். வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு, கல்லணைக் கால்வாய்ப் பாசனம் ஓடும் மாதங்களில் நிலத்தடி நீர் மேலே வரும். வடகிழக்குப் பருவமழையில் இன்னும் மேலே வரும். நம்மவர்கள் போர் போட்டு மண் எடுப்பது பெரும்பாலும் சித்திரை, வைகாசியில். அறிக்கையில் நீர்மட்டம் ஆழத்தில் இருப்பதாக வரும். வானம் தோண்டுவதற்கு அது நல்ல காலம்தான், ஆனால் கணக்குக்கு அந்த எண் உதவாது.

மண்ணின் தாங்குதிறனைக் கணக்கிடும் ஐ.எஸ். 6403-ல் நீர்மட்டத்துக்கு ஒரு திருத்தக் காரணி இருக்கிறது. ஃபுட்டிங்கின் (பில்லரைத் தாங்கும் அஸ்திவார அடித்தளம்) அடிமட்டத்திலிருந்து அதன் அகலம் அளவுக்குக் கீழே நீர் இருந்தால் 1. அடிமட்டத்திலோ அதற்கு மேலோ நீர் நின்றால் 0.5. மணல் மண்ணில் இது தாங்குதிறனைப் பெரிய அளவில் குறைத்துவிடும். எனவே அறிக்கை தருகிறவரிடம், ஆண்டின் உச்ச நீர்மட்டத்தை வைத்துக் கணக்கு போட்டீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றில் கார்த்திகை மாதம் தண்ணீர் எங்கே நிற்கும் என்று வயதானவர்களைக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். அதையும் குறித்துக்கொடுங்கள்.

வயலைத் தூர்த்த மனையில் இன்னொரு சிக்கல். மேலே நாலடி ஐந்தடி கொட்டிய மண் எத்தனை மழை கண்டாலும் கொட்டிய மண்தான். ஃபுட்டிங் அதைத் தாண்டி அசல் தரைக்குள் போக வேண்டும். ஆழத்தை மனையின் இப்போதைய மேல்மட்டத்திலிருந்து அளந்து 'அஞ்சடி போட்டாச்சு' என்று சொல்வதில் அர்த்தமில்லை. அசல் வயல் மட்டம் எது என்பதை முதலில் ஒரு குழி வெட்டிப் பார்த்துக் குறியுங்கள். அடியில் இருப்பது கோடையில் வெடித்து மழையில் ஊதும் களி என்றால் ஐ.எஸ். 2720-இன் 40-ஆம் பகுதிப்படி ஊதல் பரிசோதனை கேளுங்கள். அதிகம் ஊதும் மண்ணுக்கு ஐ.எஸ். 2911 மூன்றாம் பகுதியில் உள்ள அண்டர்ரீம்டு பைல் (அடியில் குமிழ் போல விரிந்த, மண்ணுக்குள் வார்க்கும் கான்கிரீட் தூண்) முறை இருக்கிறது. தேவையா என்பதை இன்ஜினியர் முடிவு செய்யட்டும்.

பிளிந்த் (வீட்டுத் தரைமட்டம்) உயரம்: சுற்றுத் தரையிலிருந்து குறைந்தது 450 மி.மீ. என்கிறது தேசிய விதித்தொகுப்பு. குறைந்தபட்சம் என்பது நாடு முழுவதுக்குமான எண். தெருவில் தண்ணீர் ஏறிய உயரத்தை ஊரில் கேட்டு, அதற்கு மேல் வையுங்கள். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ரோடு உயர்ந்துகொண்டே வருவதையும் கணக்கில் எடுங்கள்.

படி 5: சூழல் வகையை முடிவு செய்யுங்கள். கான்கிரீட் முழுவதும் இதில்தான் நிற்கிறது

ஐ.எஸ். 456-இன் மூன்றாவது அட்டவணை கான்கிரீட் இருக்கப்போகும் சூழலை ஐந்து வகையாகப் பிரிக்கிறது: மிதமான, நடுத்தரமான, கடுமையான, மிகக் கடுமையான, உச்சக் கடுமையான. முதல் வகையின் விளக்கத்தைக் கவனமாகப் படித்தால், கடலோரப் பகுதியை அது வெளிப்படையாகவே விலக்கியிருப்பது தெரியும். ஆக, நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வேதாரண்யம், அதிராம்பட்டினம் வீடுகளுக்கு வெளியே தெரியும் கான்கிரீட்டில் எம் 20, 20 மி.மீ. கவர் என்ற பேச்சே எழக்கூடாது. இதே பகுதிகளில்தான் பத்துப் பதினைந்து வருடத்தில் சன்ஷேடு அடியில் கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது.

ஐந்தாவது அட்டவணை ஒவ்வொரு வகைக்கும் குறைந்தபட்சக் கான்கிரீட் தரம் சொல்கிறது. பதினாறாவது அட்டவணை கவர் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து எழுதினால் இப்படி வரும்:

- மிதமான: எம் 20, நீர்–சிமெண்ட் விகிதம் 0.55-க்குள், கவர் 20 மி.மீ.
- நடுத்தரம்: எம் 25, 0.50-க்குள், 30 மி.மீ.
- கடுமை: எம் 30, 0.45-க்குள், 45 மி.மீ.
- மிகக் கடுமை: எம் 35, 0.45-க்குள், 50 மி.மீ.
- உச்சக் கடுமை: எம் 40, 0.40-க்குள், 75 மி.மீ.

எதில் எது வரும்? தீங்கில்லாத மண்ணுக்குள் புதைந்திருக்கும் கான்கிரீட் நடுத்தரம். கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்து ஃபுட்டிங்குகள் பெரும்பாலும் இதில் வரும். கடலோரக் காற்றுபடும் கான்கிரீட் கடுமை. அலைத்தூவல் படும் இடமும், உப்பு அல்லது சல்பேட் மிகுந்த மண்ணோ நீரோ சூழ்ந்த அடித்தளமும் மிகக் கடுமை. வேதாரண்யத்தில் உப்பளத்தை ஒட்டி வீடு கட்டுகிறவர் கடல் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது. நிலத்துக்குள்ளேயே உப்பு இருக்கிறது. மண், நீர் இரண்டிலும் குளோரைடும் சல்பேட்டும் பார்த்த பிறகே வகையை முடிவு செய்ய வேண்டும்.

ஒரே வீட்டில் எல்லா உறுப்புக்கும் ஒரே வகை என்று எடுக்க வேண்டியதில்லை. கடலோர ஊரில், உப்புக்காற்று நேரே படாமல் உள்ளே மறைந்திருக்கும் தளத்தின் அடிப்பக்கத்தை நடுத்தரமாக எடுக்க விதி இடம் தருகிறது. வெளி பில்லர், சன்ஷேடு, மொட்டைமாடிப் பக்கம் கடுமை. ஃபுட்டிங்குக்கு எந்தச் சூழலிலும் 50 மி.மீ.க்குக் குறையாத கவர் வேண்டும், பில்லருக்குப் பொதுவாக 40 மி.மீ.க்குக் குறையக்கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கவர் விடுவதற்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்கை மட்டும் பெரிதாக்கிவிட்டால் வேலை முடிந்துவிடாது. 5 அங்குலத் தளம் 125 மி.மீ. 10 மி.மீ. கம்பிக்கு 20 கவர் விட்டால் பயனுறு ஆழம் (தளத்தின் மேல்பக்கத்திலிருந்து கம்பியின் நடு வரை) 100. 30 விட்டால் 90. 45 விட்டால் 75. தளத்தின் பலம் அந்த ஆழத்தைப் பொறுத்தது. கவர் கூடினால் தளத்தின் கனமோ கம்பியோ கூட வேண்டும், அதை வடிவமைத்தவர்தான் சொல்ல வேண்டும்.

படி 6: எண்ணை மேஸ்திரியின் கையில் சேருங்கள்

விதி படித்தவர்கள் பலர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். '0.45' என்று தாளில் எழுதிக் கொடுத்தால் மிக்சர் மெஷின் பக்கத்தில் நிற்பவருக்கு அது எதையும் சொல்லாது. '50 கிலோ மூட்டைக்கு 22½ லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் ஒரு மக் கூடக் கூடாது' என்று சொன்னால் புரியும். மணலில் இருக்கும் ஈரத்தையும் கழிக்க வேண்டும். ஒரு மூட்டைக்கு 100 கிலோ மணல் போகிறது, அதில் 4 சதவீதம் மேல் ஈரம் என்றால் 4 லிட்டர் தண்ணீர் மணலோடு உள்ளே வந்துவிட்டது. ஊற்ற வேண்டியது 18½ லிட்டர்தான். மழை நாளில் நனைந்த எம் சாண்டுக்கு இதை மறக்கவே கூடாது.

"இவ்வளவு கெட்டியா இருந்தா கரண்டில வராது சார்" என்று மேஸ்திரி சொல்வார். அவர் சொல்வது உண்மை, அதை மதிக்க வேண்டும். அதற்கு வழி தண்ணீர் கூட்டுவது அல்ல, தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும், ஐ.எஸ். 9103-க்கு உட்பட்ட பிளாஸ்டிசைசர் சேர்ப்பது, கூடவே வைப்ரேட்டர் வைப்பது. 'ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று' என்று சட்டியில் அளந்து போடும் கலவையை எம் 20 வரைதான் விதி ஏற்கிறது. எம் 25-உம் அதற்கு மேலும் என்றால் உங்கள் சைட்டுக்கு வரும் அதே மணல், ஜல்லி, சிமெண்டை ஆய்வகத்தில் கொடுத்து டிசைன் மிக்ஸ் வாங்க வேண்டும். பக்கத்து பொறியியல் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ செய்து தருவார்கள்.

கம்பி கட்டுகிறவருக்கும் அப்படித்தான். 9 அங்குல பில்லர் 230 மி.மீ. இரு பக்கமும் 40 விட்டால் ரிங்கின் வெளி அளவு 150, அதாவது நம்மூரில் எல்லாரும் வளைக்கும் 6 இஞ்ச் ரிங். 45 விட வேண்டும் என்றால் ரிங் 140. 50 என்றால் 130. ரிங் வளைத்துக் குவித்த பிறகு போய்ச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், வளைக்கும் முன்னால் அளவைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவிடுங்கள். ரிங்கின் கொக்கி 90 டிகிரியில் நிற்காமல் 135 டிகிரிக்கு உள்ளே மடங்க வேண்டும் என்பது நிலநடுக்கம் தாங்கக் கம்பி கட்டும் முறையைச் சொல்லும் ஐ.எஸ். 13920-இல் உள்ளது. ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பு வரைபடத்தில் டெல்டா இரண்டாம் மண்டலம் என்பதால் அதை விட்டுவிடுகிறார்கள். ஒரு வளைவு கூடுதலாக வளைப்பதற்குச் செலவே இல்லை. நான் எல்லா வீட்டுக்கும் கேட்பேன்.

கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டு வைப்பதை ஏற்காதீர்கள். அதே தரக் கான்கிரீட்டில் வார்த்த பிளாக் வேண்டும்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, பி.எச். 6-க்குக் குறையக் கூடாது. கடற்கரைக் கிராமங்களில் போர் தண்ணீர் இந்த எல்லையைத் தாண்டுவது சாதாரணம். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள், சிறிய செலவுதான். லாரித் தண்ணீர் வாங்கிக் கலந்துவிட்டு, நீராற்ற உப்புத் தண்ணீரைத் தளத்தில் பாத்தி கட்டி நிறுத்துகிறவர்கள் உண்டு. கலக்க ஆகாத தண்ணீர் நீராற்றவும் ஆகாது; ஊறும் ஒவ்வொரு நாளும் உப்பு உள்ளே இறங்குகிறது.

நீராற்றும் நாட்கள்: சாதா சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள். கடைகளில் இப்போது பெரும்பாலும் கிடைக்கும் பி.பி.சி. போன்ற கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், 14 நாள் நல்லது. மூட்டையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்க்காமல் 'ஏழு நாள் போதும்' என்று சொல்லாதீர்கள். முட்டு பிரிப்பதற்கு, சாதா சிமெண்டில் 4.5 மீட்டர் வரை நீளமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14, அதற்கு மேல் 21. கலப்புச் சிமெண்ட் என்றால் இன்னும் பொறுக்க வேண்டும்.

படி 7: காற்று

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது ஓட்டுக்கூரைகளும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகளும் பறந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதைவிட அடியிலிருந்து தூக்குவதே பெரிய ஆபத்து என்பதை அந்த இரவு காட்டியது.

ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியில் அடிப்படைக் காற்றுவேகம் திருச்சிக்கு விநாடிக்கு 47 மீட்டர், சென்னைக்கு 50. உங்கள் ஊர் பட்டியலில் இல்லை என்றால் வரைபடத்தில் எந்தக் கோட்டுக்குள் வருகிறது என்று பாருங்கள். அழுத்தம் என்பது வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கியது. 47 மீட்டருக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,325 நியூட்டன், அதாவது 135 கிலோ எடை. 10 சதுர மீட்டர் ஷீட் போட்ட கொட்டகையை 1.3 டன் தூக்கப் பார்க்கும். ஷீட்டின் எடையோ அதில் சிறு பகுதி. ஓரங்களிலும் முகட்டிலும் இழுவை இன்னும் கூடுதல், அதனால் அங்கே கொக்கி போல்ட்டுகளை நெருக்கிப் போட வேண்டும். கூரைச் சட்டத்தைச் சுவர் மேல் வெறுமனே வைக்காமல் கான்கிரீட் பெல்ட்டோடு போல்ட் வைத்துப் பிடியுங்கள்.

2015 பதிப்பில் கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டர் பட்டைக்குப் புயல் காரணி ஒன்று சேர்ந்தது. மன்னார்குடி, பட்டுக்கோட்டை, கும்பகோணம் எல்லாம் அதற்குள் வரும். சாதாரண வீட்டுக்கு அது 1, தொழிற்கூடத்துக்கு 1.15, புயலுக்குப் பின் தேவைப்படும் மருத்துவமனை, பள்ளி, பாதுகாப்பு மையத்துக்கு 1.30. வேகம் 1.3 மடங்கு என்றால் அழுத்தம் 1.69 மடங்கு. பள்ளிக்கு ஷீட் கூரை போடுகிறவர் வீட்டுக் கணக்கை எடுத்துவிட்டால் ஏறக்குறைய 40 சதவீதம் பலம் குறைத்துவிட்டார் என்று பொருள். சிறிய கட்டடங்களுக்குப் புயல் தாங்கும் வழிகாட்டியாக ஐ.எஸ். 15498 தனியாக இருக்கிறது. அளவில் சிறியது, டெல்டாவில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் முழுதாகப் படிக்க வேண்டிய ஒன்று.

படி 8: உள்ளே இருக்கப்போகும் மனிதர்கள்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் சமையல் கூடத்தில் பிடித்த தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். நெருக்கமான அறைகள், குறுகிய வழி, கீற்றுக்கூரை. தேசிய விதித்தொகுப்பின் நான்காம் பகுதியில் தீப்பாதுகாப்பைப் படிக்கும்போது எனக்கு அந்த நாள் நினைவுக்கு வராமல் இருந்ததில்லை. வெளியேறும் வழியின் அகலம், படிகளின் எண்ணிக்கை, அடுப்பும் கூரையும் இருக்கும் இடம் பற்றிய வாசகங்கள் அங்கே இருப்பதற்குக் காரணம் இத்தகைய இழப்புகள்தான்.

அந்தப் பகுதியைப் பயன்படுத்த முதலில் கட்டடத்தின் வகையைக் கண்டுபிடிக்க வேண்டும். குடியிருப்பு ஏ, கல்வி பி, மருத்துவமனை போன்றவை சி, மக்கள் கூடும் இடம் டி என்று தொடரும். வீடாக அனுமதி வாங்கிய கட்டடத்தின் மாடியில் டியூஷன் சென்டரோ விழா மண்டபமோ தொடங்கினால் வகை மாறிவிடுகிறது. படி, கதவு, வெளியேறும் வழி எல்லாவற்றையும் புது வகைக்கு மறுபடி பார்க்க வேண்டும். மாடியை வாடகைக்கு விடும் உரிமையாளர் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

மற்றவை விரைவாக: வீட்டு மாடிப்படியின் உயரம் 190 மி.மீ.க்கு மேல் போகாமல், மிதி அகலம் 250-க்குக் குறையாமல். அறையின் உயரம் 2.75 மீட்டர். ஜன்னல் திறப்பு, ஈரப்பதமும் வெப்பமும் உள்ள நம் பகுதிக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் குறைந்தது 1 மீட்டர். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். களிமண் மனையில் ஆழம் குறைந்த குழி தோண்டினால் தண்ணீர் இறங்காமல் நிற்கும், மணல் அடுக்கு எங்கே வருகிறது என்று மண் அறிக்கையில் பார்த்து அமையுங்கள்.

படி 9: சோதித்து எழுதிவையுங்கள்

1,000 சதுர அடி, 5 அங்குலத் தளம் என்றால் கான்கிரீட் ஏறக்குறைய 11.6 கன மீட்டர், பீம் தனி. 6 முதல் 15 கன மீட்டர் வரை 2 மாதிரிகள் எடுக்கச் சொல்கிறது ஐ.எஸ். 456. ஒரு மாதிரிக்கு 150 மி.மீ. கனசதுரக் கட்டி 3, ஆக 6 கட்டிகள். 28-ஆம் நாள் உடைத்துப் பாருங்கள். ஒரு மாதிரியின் மூன்று கட்டிகளில் எதுவும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. கட்டியை நிழலில் பத்திரமாக வைத்துவிட்டு தளத்தை வெயிலில் காயவிட்டால் அந்த முடிவு தளத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

கான்கிரீட் போடும் நாள் காலையில், சென்ட்ரிங்கின் மேல் கம்பி கட்டி முடித்த நிலையில், டேப்பை வைத்துக் கவர் தெரியும்படி ஒவ்வொரு பில்லருக்கும் பீமுக்கும் படம் எடுங்கள். அதன் பிறகு யாராலும் பார்க்க முடியாது. அந்தப் படங்கள், மண் அறிக்கை, தண்ணீர்ப் பரிசோதனை, டிசைன் மிக்ஸ், கட்டி உடைத்த முடிவு, கம்பி சிமெண்ட் பில்கள், அனுமதி வரைபடம், கடைசியில் உண்மையில் கட்டியதைக் காட்டும் வரைபடம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு உரிமையாளரிடம் கொடுங்கள். கோப்பின் முதல் தாளில், எந்தச் சூழல் வகை எடுத்தீர்கள், எந்தக் காற்றுவேகம், எந்த நீர்மட்டம், எந்தப் பதிப்பு என்று நான்கு வரி எழுதிக் கையெழுத்திடுங்கள். பின்னாளில் மாடி எடுக்க வரும் இன்ஜினியர் முதலில் கேட்கப்போவது அந்த நான்கு வரியைத்தான்.